புல்லை இழந்த பூமி

அமெரிக்காவின் மத்தியிலே பரந்து கிடக்கும் பெருஞ்சமவெளியில், காட்டெருமைகள் மேய்ந்த காலந்தொட்டு, மண்ணைத் தன் வேர்களால் இறுகப் பற்றி, அற்ப மழையின் ஈரத்தையும் விரயமாகாமல் காத்துவந்தது புல்தான். முதல் உலக யுத்தத்தில் கோதுமை விலை ஏறவே, அந்தப் புல்தரையை உழுது புரட்டிய விவசாயிகள், பின்னர் விலை விழுந்தபோது, கடனை அடைக்கும் பொருட்டு, டிராக்டர்களைக் கொண்டு இன்னும் அதிக நிலத்தை உழுதார்கள். அறுவடைக்குப் பின் தாளைக் கொளுத்தி, மண்ணை வெறுமையாகவும் விட்டார்கள்.

1930களில் வறட்சி வந்தது. அப்பிரதேசம் முன்பும் வறட்சி கண்டதுண்டு. ஆனால் அப்போதெல்லாம் புல் இருந்தது. பிடிப்பற்ற மேல்மண் காற்றிலே எழுந்து, 1934 மே மாதத்தில் நியூயார்க் நகரம்வரை சென்று படிந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று ஓக்லஹோமாவிலும் டெக்சாஸின் வடபகுதியிலும் பகலையே இரவாக்கிற்று. புழுதியைச் சுவாசித்த குழந்தைகள் நுரையீரல் நோயால் மாண்டார்கள். நிலத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல கலிபோர்னியா சென்று, பிறர் தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறித்தன. உழுதுண்டு வாழ்ந்தவன் அந்நிய நிலத்தில் கூலியாவதைக் காட்டிலும் கொடிய துக்கத்தை நான் அறியேன்.

ஹ்யூ பென்னட் என்ற மண்ணியல் நிபுணரின் இடைவிடா முயற்சியால் 1935இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கடனாளியான விவசாயிக்கு உபதேசத்தோடு ரொக்கமும் தேவை என்பதை உணர்ந்த அரசாங்கம், சரிவுக்குக் குறுக்கே உழுவது முதலிய முறைகளைக் கைக்கொண்டோர்க்குப் பணமும் அளித்தது.