"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்"

போன மாதம் உசிலம்பட்டிப் பக்கத்து நண்பர் ஒருவர் திருப்பரங்குன்றத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். மேசையில் கிடந்த 'கமலாம்பாள் சரித்திர'த்தைப் புரட்டியவர், பேயாண்டித் தேவன் என்ற திருடன் வரும் இடத்தில் நிறுத்தினார்.

"ஏண்ணே, திருடனுக்கு வைக்க எங்காளுக பேருதான் கெடச்சுதா?"

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானப்பா எழுதுனாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டார். எனக்குத்தான் அந்தப் பதில் உறுத்தியது.

நாவலை எழுதிய பி. ஆர். ராஜமய்யர் நம்ம வத்தலக்குண்டுக்காரர். 1893இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடர் ஆரம்பித்தபோது அவருக்கு 21 வயசு. அக்ரஹாரத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. அங்கே வம்பு பேசுகிறவர்களை நன்றாகவே கிண்டலடிக்கிறார். ஆனால் அக்ரஹாரத்துக்குள் நல்லவர், பொறாமைக்காரர், அப்பாவி என்று பல வகை ஆட்கள் உண்டு. தேவன் என்றால் நம் மனசில் நிற்பவன் திருடன் ஒருத்தன்தான்.

சரி, அந்த "எல்லாரும்" யார்? நான் மென்பொருள்காரன். "எல்லாருக்கும் ஒழுங்கா ஓடுது" என்று யாராவது சொன்னால், "யார் யாரைக் கேட்டீங்க?" என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. அதே 1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து உரிமை கேட்டார். அவரும் அந்தக் காலத்து மனுஷர்தானே? பிறப்பை வைத்து ஆளை எடைபோடுவது தப்பு என்பது நாம் இன்று கண்டுபிடித்த புது அளவுகோல் இல்லை.

இது வெறும் கதை விவகாரமும் இல்லை. பிறவித் திருடர் என்ற அதே எண்ணம் குற்றப்பரம்பரைச் சட்டமாகி, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர்களைக் கைரேகை பதியச் சொன்னார்கள். மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சட்டம் இங்கே ரத்தானது 1947இல். நாவல்தான் இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தின் வேர் அதற்கும் முந்தியது, வடக்கே 1871லேயே வந்துவிட்டது. ஆனால் இரண்டும் மூச்சு விட்டது ஒரே காற்றில்.

அதற்காகப் புத்தகத்தைப் பூட்டி வைக்க வேண்டாம். ராஜமய்யர் 26 வயசில் இறந்துபோனார். அவரைக் கூண்டில் ஏற்றி ஆகப்போவது எதுவும் இல்லை. அந்தக் காற்று எப்படி இருந்தது என்று காட்ட அவர் நாவல் நமக்கு வேண்டும். விட வேண்டியது என் பதிலைத்தான்.

நண்பர் புத்தகத்தை இரவல் வாங்கிப் போயிருக்கிறார். திருப்பித் தர வரும்போது வேறு பதில் சொல்லணும்.