மூளைப் படத்தில் மணி எது, பதர் எது?

ஸ்கேன் குழாய்க்குள் ஒருவர் அசையாமல் படுத்திருக்கிறார். கண்ணெதிரே சொல் தோன்றியதும் வலக்கை விரல்களைக் கட்டைவிரலில் மாற்றி மாற்றித் தட்டுகிறார். இருபது விநாடி தட்டல், இருபது விநாடி ஓய்வு, மறுபடியும் தட்டல். பதிவுகளைக் கணினி அலசி முடித்ததும், மூளையின் இடப்பக்கத்தில் ஒரு திட்டு செம்மஞ்சளாகத் தெரிகிறது. வலக்கையை ஆட்டுவிக்கும் பகுதி அது.

எஃப்.எம்.ஆர்.ஐ. என்னும் இந்த முறை நரம்பணுக்களின் மின்துடிப்பை நேராகக் காண்பதில்லை. ரத்தத்தை வைத்துக் கணிக்கிறது. வேலை செய்யும் பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் தேவைக்கு மேலேயே பாய்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றுக் கலைக்கும். அந்த ஹீமோகுளோபின் குறைந்தால் சமிக்ஞை கூடும். 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சீஜி ஒகாவா குழுவினர் எலி மூளையில் இதைக் காட்டினர். 1992இல் மனித மூளையிலும் பதிவானது.

ஆனால் இந்தச் சமிக்ஞை மாற்றம் ஓரிரு சதவீதமே. அதுவும் ஐந்தாறு விநாடி தாமதித்துத்தான் உச்சம் தொடும். மூச்சும் இதயத்துடிப்பும் சிறு தலையசைவும் அதை மூழ்கடித்துவிடும்.

தற்செயலும் ஏமாற்றும். 2009இல் கிரெய்க் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீனை ஸ்கேன் செய்து, மனிதர்களின் படங்களைக் 'காட்டினார்கள்'. மீன் மூளையில் சில புள்ளிகள் 'இயங்கின'! ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதித்தால் சில தற்செயலாகவே தேறிவிடும். அதற்கான புள்ளியியல் திருத்தத்தைச் செய்ததும் அவை மறைந்தன.

மணியிலிருந்து பதரைப் பிரிக்க இன்று நல்ல முறங்கள் உள்ளன. ஸ்கேனர் அனுப்பும் ஒவ்வொரு ரேடியோ துடிப்புக்கும் வரும் எதிரொலியைப் பல நேரங்களில் பதிவுசெய்வது ஒன்று. ரத்த ஆக்சிஜனால் வரும் மாற்றம் எதிரொலி நேரத்துக்கேற்ப வளரும். தலையசைவால் வரும் மாற்றம் பெரும்பாலும் அப்படி வளராது. பல குறுக்குவெட்டுகளை ஒரே நேரத்தில் எடுப்பது இன்னொன்று. முன்பு இரண்டு மூன்று விநாடி பிடித்த முழு மூளைப் பதிவு, இதனால் ஒரு விநாடிக்குள் முடிகிறது. 7 டெஸ்லா காந்தத்திலோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நுணுக்கம் கிடைக்கிறது.

மூளைக்கட்டியை அகற்றுமுன் பேச்சுப் பகுதி எங்கே என்று மருத்துவர்கள் இந்தப் படத்தையும் பார்க்கிறார்கள். அங்கே ஒரு பொய்ப்புள்ளியும் விபரீதம், விடுபட்ட புள்ளியும் விபரீதம். ஆகவே அடுத்த முறை வண்ணம் தீட்டிய மூளைப் படம் கண்ணில் பட்டால், எங்கே ஒளிர்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்படிப் புடைத்தெடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.