சூழலியல் சமூகக் கலையில் பெண்கள்

சூழலியல் சமூகக் கலை என்பது நீர், நிலம், காற்று தொடர்பான ஒரு சிக்கலைக் கலைஞர் ஒருவர் அங்கு வாழும் மக்களோடு சேர்ந்து கையாளும் கலைமுறை ஆகும். இதில் மக்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர். திட்டமிடுவதிலும் செய்வதிலும் பங்கேற்பவர்கள். இத்துறையில் பெண் கலைஞர்கள் பலர் முன்னோடிகளாக உள்ளனர்.

பஸ்தர்

மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் (பிறப்பு: 1949), சத்தீசுகரின் பஸ்தர் பகுதியிலுள்ள கொண்டாகாவ்னில் சாந்திபாய், ராஜ்குமார் உள்ளிட்ட ஆதிவாசிக் கலைஞர்களுடன் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஊர் அடிபம்புகளைச் சுற்றி இவர்கள் அமைத்த கட்டுமானங்கள் ‘நல்பார்’ எனப்படுகின்றன. அங்கே தண்ணீர் எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். நிறைகுடத்தைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்குத் தூக்காமல், படிப்படியாக ஏற்றிவைக்க மேடைகளும் மாடங்களும் கட்டப்பட்டன. சிற்ப வடிவங்கள் கொண்ட இவ்விடங்கள் பெண்கள் கூடிப் பேசும் இடங்களாகவும் ஆயின.

செங்டூ

அமெரிக்கக் கலைஞர் பெட்சி டேமன், 1995இல் சீனாவின் செங்டூ நகரில் உள்ளூர்க் கலைஞர்களுடன் ஆற்று மாசு குறித்த பொதுநிகழ்ச்சிகளை நடத்தினார். அதன் தொடர்ச்சியாக 1998இல் ஆற்றங்கரையில் ஒரு பூங்கா உருவானது. ஆற்றுநீர் வண்டல் படியும் குளம், சிற்பத் தொட்டிகள், நீர்த்தாவரப் படுகைகள் வழியே சென்று தெளிவதை அங்கு நேரில் காணலாம்.

கொடைக்கானல்

கொடைக்கானலில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை, பாதரச மாசு வெளிப்பட்டதையடுத்து 2001இல் மூடப்பட்டது. 2015இல் சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ இப்பிரச்சினையை உலக அளவில் எடுத்துச் சென்றது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொழிலாளர்கள் பல ஆண்டுகள் நடத்திய போராட்டமே இதற்கு அடிப்படை. பாடல் அதற்கு வலுச் சேர்த்தது.

ஒசூர்ப் பகுதிக்குப் பொருந்துவது

ஜூஜுவாடி, ஒசூரில் கர்நாடக எல்லையை ஒட்டிய தொழிற்பகுதி. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரும் கலந்து ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையிலிருந்து நீர் திறக்கும்போது ஆற்றில் நுரை பொங்குவதுண்டு. மாசின் பெரும்பகுதி ஒரு மாநிலத்தில் சேர்கிறது. பாதிப்பு அடுத்த மாநிலத்து உழவர்களுக்கு. இத்தகைய இடத்தில் சுவரோவியம் மட்டும் போதாது. நீரைப் புழங்குவோர் திட்டத்தில் பங்கேற்றார்களா, எல்லையின் இருபுறத்தாரும் பேசினார்களா, கலைஞர் சென்றபின் அங்கு பயன்படும்படி ஏதேனும் நிற்கிறதா என்பவையே அதன் அளவுகோல்கள்.