சிரைக் கட்டிக்கு எந்த ஊசி?

பழி தாய் மேல் இல்லை

உதட்டிலோ காலிலோ நீலம் பாரித்த மெத்தென்ற வீக்கம். அழுத்தினால் அமுங்கும், குனிந்தால், குழந்தை வீறிட்டு அழுதால் புடைக்கும். பார்த்தவுடன் “கிரகணத்தில் வெளியே போயிருப்பாள்” என்று தாயைக் குற்றம் சொல்லும் வழக்கம் ஸ்ரீரங்கத்திலும் உண்டு. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். கருவில் சிரைகள் உருவாகும்போது சில செல்களின் மரபணுவில் நேரும் மாற்றமே காரணம். சிவந்த ஹீமாஞ்சியோமா கட்டி பெரும்பாலும் தானாகச் சுருங்கிவிடும். சிரைக் கட்டி சுருங்காது, குழந்தையோடு வளரும்.

காலில் கட்டி இருப்பவர்களுக்கு வைகுண்ட ஏகாதசி வரிசையில் நிற்பதே பெரும் வேதனை. வலி தணிய, மருத்துவர் அளவெடுத்துத் தரும் இறுக்கமான காலுறை உதவும்.

ஊசி மருந்துகள்

ஸ்கேன் பார்த்துக்கொண்டே சிரைக்குள் மருந்தைச் செலுத்துவார்கள். அது உட்சுவரைப் புண்ணாக்க, ரத்தம் உறைந்து, நாளடைவில் சிரை தழும்பாகிச் சுருங்கும். ஒரே ஊசியில் முடிவது அரிது. சில வார இடைவெளியில் பலமுறை போட வேண்டியிருக்கும்.

அடர் ஆல்கஹாலுக்கு வீரியம் அதிகம், ஆபத்தும் அதிகம். நரம்பு பாதிக்கப்படலாம், தோல் கருகலாம், அபூர்வமாக இதயமே தடுமாறலாம். அதனால் முழு மயக்கத்தில்தான் பெரும்பாலும் தருகிறார்கள். சோடியம் டெட்ராடெசில் சல்பேட்டும் பாலிடோகனாலும் அதைவிடச் சாது. இவற்றைக் காற்றோடு கலந்து நுரையாக்கினால், குறைந்த மருந்தே சிரைச் சுவர் முழுக்கப் படும். பாலிடோகனால் முதலில் மரப்பு மருந்தாக உருவானது என்பதால் வலியும் குறைவு.

ப்ளியோமைசின் புற்றுநோய் மருந்து. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், இங்கே அளவு மிகக் குறைவு. போட்டபின் வீக்கம் அதிகம் வராததால் நாக்கு, தொண்டை, கண்குழி ஆகிய இடங்களுக்கு இதையே நான் முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்வேன். வாழ்நாளில் செலுத்தும் மொத்த அளவு கூடினால் நுரையீரல் கெடும்; கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட நாட்களில் தோலைச் சொறிந்தாலும், பிளாஸ்டரைப் பிய்த்தாலும் கருந்தழும்பு நிலைத்துவிடலாம்.

“எது வீரியமானது?” என்று கேட்பதைவிட, “கட்டி எந்த நரம்பை, எந்த மூச்சுவழியை ஒட்டியிருக்கிறது?” என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. அதைக் காட்டும். பெரிய கட்டியானால், ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

எங்கே போவது?

திருச்சியில் புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். கட்டி கண்ணையோ தொண்டையையோ ஒட்டியிருந்தால், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

வீடு திரும்பியபின் மூச்சுத்திணறல், மரத்துப்போதல், தோல் கறுத்துக் கொப்புளித்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.