ஏறிய கியரிலேயே இறங்குங்கள்

பெரியகுளத்தில் மாங்காய் பழுக்கிற நேரமும் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிற நேரமும் ஒன்றாகத்தான் வரும். வெயில் தாங்காமல் வீட்டில் யாராவது ஒருவர் 'கொடைக்கானல்' என்று வாயெடுத்துவிட்டால் போதும், அன்று இரவே திட்டம் தயாராகிவிடும். எந்த லாட்ஜ், எத்தனை நாள், புளியோதரை யார் கட்டுவது, ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதுவரை பேசி முடித்துவிடுவார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டதால், அதை எடுக்கும் வேலை வீட்டிலிருக்கும் கல்லூரிப் பிள்ளையின் தலையில் விழும். இத்தனை பேச்சிலும் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வண்டி ஏறுமா என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. எப்படி இறங்கும் என்று யோசிப்பவர்கள் குறைவு. ஆனால் மலையில் வண்டிக்கு உண்மையான பரீட்சை இறக்கத்தில்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பெரியகுளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேலே. வித்தியாசம் ஏறத்தாழ 1,850 மீட்டர். ஐந்து பேர், பெட்டி படுக்கை, போகிற வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் எல்லாம் சேர்த்து வண்டியின் எடை 1,500 கிலோ என்று வையுங்கள். இவ்வளவு எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் சுமார் 2 கோடியே 70 லட்சம் ஜூல். மின்வாரியக் கணக்கில் சொன்னால் ஏழரை யூனிட். ஏழரை என்ற எண்ணுக்கு நம் ஊரில் நல்ல பெயர் கிடையாது. இங்கே அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

ஏறும்போது இந்த ஆற்றலை பெட்ரோலோ டீசலோ எரிந்து கொடுக்கிறது. மேலே போய்ச் சேர்ந்ததும் அது மறைந்துவிடுவதில்லை, வண்டியிடமே நிலையாற்றலாகத் தங்கியிருக்கிறது. ஏரியில் படகு ஓட்டி, தூண்பாறை பார்த்து, மலைப்பூண்டும் பிளம்ஸும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்த ஏழரை யூனிட்டும் எங்காவது செலவாகியே தீர வேண்டும். டயர் உருளும் தடையும் காற்றின் தடையும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் ஐந்து யூனிட் மிஞ்சும். அறுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. நான்கு சக்கரங்களின் பிரேக்குகளிலும் சேர்த்து முப்பது கிலோ இரும்பு இருக்கிறது, வெப்பம் வெளியே போக வழியே இல்லை என்று கற்பனை செய்தால், அந்த இரும்பு ஆயிரம் டிகிரியைத் தாண்டிச் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். காற்றுபட்டு உடனுக்குடன் ஆறுவதால் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் ஆறுவதற்கு நேரம் ஏது?

பிரேக் என்பது அடிப்படையில் வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. காலால் மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் என்ற சிறிய உருளைக்குள் இருக்கும் பிரேக் ஆயில் அழுத்தப்படுகிறது. திரவத்தை நசுக்கிச் சிறிதாக்க முடியாது என்பதால் அந்த அழுத்தம் குழாய் வழியே அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேரும். முன்சக்கரத்தில் சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பேடுகள் இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும். இது டிஸ்க் பிரேக். குடும்பக் கார்களில் பெரும்பாலானவற்றின் பின்சக்கரத்தில் டிரம் இருக்கும், அதற்குள் லைனிங் ஒட்டிய ஷூக்கள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக விரிந்து உரசும். டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறும். டிரம் மூடியிருப்பதால் சூடு உள்ளேயே தங்கும். போதாக்குறைக்குச் சூட்டில் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும். மிதி இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருக்கும்.

சூடு எல்லை மீறினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். முதலாவது பேடில் நடப்பது. பேடுக்குள் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் கருகி வாயுவை விடுகிறது. பேடுக்கும் தட்டுக்கும் இடையில் அந்த வாயு மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைத்துவிடும். மிதி கல் மாதிரி இறுக்கமாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. கருகிய நாற்றம் வருவது இந்தக் கட்டத்தில்தான். பெருமாள்மலைக்குக் கீழே அந்த வாசனையை முகர்ந்துவிட்டு, 'முன்னால போற லாரியா இருக்கும்' என்று சொல்லிக்கொள்ளும் பலர் தங்கள் வண்டியைத்தான் முகர்கிறார்கள்.

இரண்டாவது வகை இதைவிட மோசம். பிரேக் ஆயில் என்கிறோமே தவிர, கார்களில் பொதுவாக ஊற்றுவது எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம். டாட் 4 தரத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. வருடக்கணக்கில் ஈரம் ஏறி, அதில் நாலு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு. தொடர்ந்து மிதித்துச் சூடேறிய பிரேக்கில் இந்தச் சூடு எளிதாக வந்துவிடும். திரவம் கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதி எல்லாம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். மிதி தரை வரைக்கும் போகும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. விபத்துச் செய்திகளில் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று படிக்கிறோமே, மலைச் சாலைகளில் அவற்றில் பல எந்தப் பாகமும் உடையாமல் நடந்தவை. ஒரு மணி நேரம் ஆறவிட்டுச் சோதித்தால் அதே பிரேக் ஒழுங்காகப் பிடிக்கும்.

இதற்கெல்லாம் மருந்து வண்டிக்குள்ளேயே இருக்கிறது. பெயர் இரண்டாவது கியர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரில் வண்டி இறங்கும்போது இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் வழி கிட்டத்தட்ட மூடியிருப்பதால், பிஸ்டன்கள் ஒவ்வொரு முறையும் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டும். அந்தச் சிரமம் வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கும். டீசல் இன்ஜினில் இந்த அமைப்பு வேறு என்பதால் பிடிப்பு சற்றுக் குறைவாகத் தெரியலாம்; பஸ்ஸிலும் லாரியிலும் அதற்காகவே புகைபோக்கி வழியை அடைத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். கியர் எவ்வளவு சிறியதோ, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் அவ்வளவு அதிகம் சுற்ற வேண்டும், பிடிப்பும் அவ்வளவு கூடும். அந்த வெப்பத்தை ரேடியேட்டரும் சைலன்சரும் பார்த்துக்கொள்ளும். பிரேக்குக்கு வளைவில் மட்டும் வேலை.

எந்த மேட்டில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் அதில் இறங்குங்கள் என்பது மலை டிரைவர்களின் பழைய விதி. இன்ஜின் உறுமுவதைக் கேட்டு வீட்டிலுள்ளவர்கள் 'வண்டி வீணாப்போகுது' என்பார்கள். மூவாயிரம் சுற்றில் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாமல் இருந்தால் போதும்.

நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியர் போட்டுக் காலை எடுத்து இறங்கும்போது கம்ப்யூட்டர் எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். ஆக, உயிரையும் பணயம் வைத்து, பெட்ரோலையும் வீணாக்குகிற வித்தை இது. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களுக்கு இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. மிதியின் பாரத்தைக் குறைக்கும் பூஸ்டருக்கு இன்ஜின் ஓடினால்தான் வெற்றிடம் கிடைக்கும்; இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் மிதி மரக்கட்டையாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் 'டி'யிலேயே விட்டுவிட்டு இறங்கக் கூடாது. 'எல்', '2', அல்லது கையால் கியர் மாற்றும் வசதி, எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்த வேண்டும். மின்சாரக் காரில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, இறக்கத்தின் ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும்; அந்த ஏழரை யூனிட்டில் கொஞ்சம் வசூலாகும். ஆனால் மேலே லாட்ஜில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பேட்டரிக்குள் இடம் இருக்காது, மோட்டாரின் பிடிப்பும் குறைந்துவிடும். எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குவது நல்லது.

பாதை எது என்பதும் பிரேக்கோடு சேர்ந்த விஷயம். தேவதானப்பட்டி தாண்டிக் காட்ரோட்டில் திரும்பி, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று போகும் சாலை அகலமானது, சீரான ஏற்றம் கொண்டது. மேஜர் லா என்ற அதிகாரியின் பெயரால் லாஸ் காட் என்று அழைக்கப்படும் இந்தச் சாலை 1914-ல் போட்டு முடிக்கப்பட்டது. அதற்கு முன் கொடைக்கானலின் வாசல் நம் ஊர்தான். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் மேலே முதல் வீடுகளைக் கட்டியபோதும், 1863-ல் மதுரை கலெக்டர் வெரி லெவிஞ்ச் ஏரியை வெட்டியபோதும் கார் சாலை கிடையாது. அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்த பிறகும், அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோதான் மலையேறினார்கள். துரைமார்களின் கோடை விடுமுறைக்கு இறக்கத்தில் பிரேக் போட்டவை நம் ஆட்களின் முழங்கால்கள். அந்தக் கூலிகளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இப்போது கும்பக்கரைப் பக்கத்திலிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலை போகும் சாலை இருக்கிறது. சுருக்கு வழி, காட்சியும் அருமை. ஆனால் ஒடுங்கிய சாலை, மழையில் மண் சரியும் சாலை. கணக்கையும் மறக்கக் கூடாது: உயரம் அதேதான், தூரம் குறைவு. ஆகவே டயர் தடை எடுத்துக்கொள்ளும் பங்கு குறைந்து, பிரேக்கின் பங்கு கூடுகிறது. மலைச் சாலை பழக்கமில்லாதவர் இதில் இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். போடியிலிருந்து முந்தல் வழியே 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டு ஏறி மூணாறு போகிறவர்களுக்கும் இதே பாடம்தான். நீலகிரியில் 36 வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்கக் கூடாது என்று தடை போட்டதற்கும் காரணம் பிரேக்கை நம்பி உருண்டவர்கள்தான்.

ஏற்றத்தைப் பற்றிச் சுருக்கமாக. மேலே காற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் ஏறத்தாழ அதே அளவு குறையும். ஏசியை அணைத்தால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஜன்னல் காற்றே போதுமென்ற குளிரும் வந்துவிடும். வரிசையில் நிற்க நேர்ந்தால் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஒடுங்கிய இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சட்டம். பின்சீட்டுப் பிள்ளைகள் வாந்தி எடுப்பதற்குக் காரணம், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'திரும்புகிறோம்' என்று சொல்ல, செல்போனில் பதிந்த கண் 'அசையவே இல்லை' என்று சொல்வது. போனை வாங்கி வைத்துவிட்டுத் தொலைவில் தெரியும் மலையைப் பார்க்கச் சொன்னால் பாதி தொந்தரவு தீரும்.

ஆல்ப்ஸ் மலையிலும் கதை இதுதான். சுவிட்சர்லாந்தில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் காரில் கணவாய்களைக் கடக்கும்போது அவர்களுக்கும் துணை சிறிய கியர்தான். ஆஸ்திரியாவில் 1935-ல் திறந்த குரோஸ்குளோக்னர் சாலை 36 வளைவுகளோடு 2,500 மீட்டர் வரை ஏறுகிறது. பனியால் குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் அந்தச் சாலைக்கும், வருடம் முழுக்கத் திறந்திருக்கும் நம் காட்ரோட்டுக்கும் இயற்பியல் ஒன்றுதான்.

இத்தனையையும் மீறிப் பிரேக் கைவிட்டால்? மிதியை விட்டுவிட்டுப் பலமுறை மிதியுங்கள். குமிழ் நசுங்கி ஒரு மிதியாவது பிடிக்கக்கூடும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் திரவத்தில் இயங்குவதில்லை, கம்பியில் இயங்குகிறது. அதைப் படிப்படியாக இழுங்கள். வேறு வழியே இல்லையென்றால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் வண்டியைச் சாய்த்து உரசவிடுங்கள். நின்றபின் சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு கோணிவிடும் அல்லது வெடித்துவிடும். காற்றில் ஆறட்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு, பேடில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்றும் கேளுங்கள். இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். கொடைக்கானலில் ஒரு நாள் லாட்ஜ் வாடகைகூட ஆகாது.