தக்காளிக்குக் கத்தரி வேர்

திருநெல்வேலியில் ஒட்டுமாவை அறியாதார் இலர்; தக்காளியையும் ஒட்டலாம் என்றறிந்தார் சிலரே. இலை பச்சையாயிருக்கவே செடி திடீரெனத் தலைசாய்வது பற்றீரியா வாடல் நோயின் குறி. மண்ணிலுள்ள கிருமி வேர்வழி புகுந்து நீர்க்குழாய்களை அடைத்துவிடுகின்றது. பின்னர் எவ்வளவு இறைப்பினும் பயனில்லை, தீர்க்கும் மருந்துமில்லை. ஆகவே வேரையே மாற்றவேண்டும்.

கத்தரியும் தக்காளியும் ஒரே குடும்பத்தன. தைவானிலுள்ள உலக மரக்கறி நிலையம் ஈ.ஜீ. 203 என்னும் கத்தரியினத்தை ஒட்டுக்கட்டையாகப் பரிந்துரைக்கின்றது. கத்தரி மெல்ல வளர்வதாதலின் அதனைச் சில நாள் முந்தி விதைத்தல் நன்று. நாற்றுகள் ஒரே பருமனானதும், கத்தரியின் அடியையும் தக்காளியின் நுனியையும் கூரிய அலகினாற் சரிவாக வெட்டிப் பொருத்தி, மெல்லிய குழாயினால் இறுக்குக. ஒரு வாரம் நிழலும் ஈரக்காற்றும் வேண்டும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்றல் வேண்டும். மாணவர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: ஒட்டுப் புதைந்தால் தக்காளி தன் வேரை விடும், நோயும் அவ்வழியே ஏறும்.