டாக்டரிடம் சொல்லாத கசாயம்

மடத்துக்குளம் பக்கத்தில் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டு அலமாரியைத் திறந்தால் இரண்டு வைத்தியமும் பக்கம் பக்கமாக இருக்கும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்துப் போன மாத்திரை ஒருபுறம். சிறுகுறிஞ்சான் பொடி, கசாயச் சரக்கு, பழனிக்குப் போனவர் வாங்கிவந்த சூரணம் மறுபுறம். இரண்டையும் சேர்த்து எடுப்பதை இங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் மாத்திரையைப் பற்றி மட்டும்தான் வாய் திறக்கும். "சொன்னா திட்டுவாருங்க" என்பார்கள்.

அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. "கண்டதையெல்லாம் நிறுத்திட்டு வாங்க" என்று ஒரே வரியில் பேச்சை முடிக்கிற டாக்டர்கள் உண்டு. அதைக் கேட்ட நோயாளி கசாயத்தை நிறுத்துவதில்லை, சொல்வதைத்தான் நிறுத்துகிறார். எதிர்த்தரப்பிலும் கோளாறு இருக்கிறது. "இங்கிலீஷ் மருந்தை விட்டாத்தான் இது கேக்கும்" என்று சொல்லி இன்சுலினை நிறுத்தவைக்கும் ஆட்களைச் சொல்கிறேன். திட்டுகிற டாக்டரைவிட இவர்கள் ஆபத்தானவர்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போய்விடும்.

மறைப்பதால் என்ன கெட்டுவிடும்? சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் உண்டு. அது கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். விஷயம் தெரியாத டாக்டர் காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். இருமலுக்கு என்று வாரக்கணக்கில் அதிமதுரம் எடுத்தால் ரத்தக் கொதிப்பு ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். நீர் பிரிய மாத்திரை எடுப்பவருக்கு அந்தக் குறைவு இன்னும் கூடும். சீந்தில் விஷயத்தில் அறிஞர்களுக்குள்ளேயே சண்டை. 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் எடுத்த ஆறு பேரின் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. கண் மஞ்சளானால் சீந்தில் சாப்பிட்டதை டாக்டரிடம் சொன்னால் போதும்.

மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் பெயரில்லாத பொட்டலத்தில் வரும் மருந்து தனி ரகம். இரண்டே வேளையில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தோஷப்படும் முன் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதை மாதக்கணக்கில் எடுத்தவர் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் விசாரிக்காமல் "எல்லாத்தையும் நிறுத்து" என்பது சில சமயம் நல்ல வைத்தியம் ஆகாது.

குழந்தைக்குச் சோறு வயிற்றில் ஒட்டிக்கொண்டது என்று தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவது நமக்குத் தெரிந்ததுதான். மெக்சிகோக்காரர்களிடமும் இதே நம்பிக்கை உண்டு, அவர்கள் அதை 'எம்பாச்சோ' என்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அந்த வம்சாவளிக் குழந்தைகள் சிலருக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. எம்பாச்சோவுக்குக் கொடுத்த 'அசார்கோன்', 'கிரெட்டா' என்ற பொடிகள் ஈய ஆக்சைடுகள் என்பது பிறகு தெரிந்தது. வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று முகம் சுளிக்காமல் கேட்ட பிறகே இப்படிப்பட்ட விஷயம் வெளியே வரும். லத்தீன் அமெரிக்க நோயாளிகளிடம் நாட்டு வைத்தியம் பற்றி எப்படிப் பேசுவது என்பதை அங்கே டாக்டர்களுக்கு ஒரு பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். நம் சரக்கும் அங்கே சோதனைக்குத் தப்பவில்லை. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

ஆகவே டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். "நாட்டு மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். "வீட்ல வேற என்னென்ன பண்ணிப் பாத்தீங்கம்மா? கசாயம், லேகியம், எண்ணெய், கட்டு, கொழந்தைக்கு உரை மருந்து?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் விஷயம் வந்துவிடும். மில்லில் வேலை செய்யும் ஒடிசா, பிகார் தொழிலாளர்களிடம் சூப்பர்வைசரை மொழிபெயர்க்க வைத்து இதைக் கேட்காதீர்கள். தன் வேலையைக் கையில் வைத்திருப்பவர் எதிரில் யாரும் நோயைச் சொல்ல மாட்டார்கள். பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்த அறைக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

இனி நோயாளியின் உரிமை. என்ன நோய், என்ன சிகிச்சை, அதன் ஆபத்து என்ன, வேறு வழி உண்டா என்பதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேஸ் சீட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. எந்த மருத்துவரிடமும் பதிவு எண்ணைக் கேட்கலாம், அது மரியாதைக் குறைவல்ல. சித்த மருத்துவருக்கும் மாநிலக் கவுன்சிலில் பதிவு உண்டு. படிக்காத முறையில் வைத்தியம் செய்வதே அலட்சியம்தான் என்று பூனம் வர்மா வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் சொன்னது. காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்த ஹோமியோபதி மருத்துவர் 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

விளம்பரத்துக்கும் சட்டம் இருக்கிறது. சர்க்கரை, புற்றுநோய், வாதம், சிறுநீரகக் கல் உள்ளிட்ட 54 நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்தின் லேபிளில் உரிம எண், பேட்ச் எண், சேர்மானம், காலாவதி தேதி எல்லாம் இருக்க வேண்டும். நச்சுச் சரக்கு சேர்ந்த மருந்தில் 'மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்' என்ற எச்சரிக்கையும் கட்டாயம். ஆனால் விதி அந்த எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் போடச் சொல்கிறது. மடத்துக்குளத்துப் பாட்டி எதைப் படித்து எச்சரிக்கை ஆவார் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலும்.

பாதிப்பு வந்துவிட்டால் பொட்டலத்தையும் பில்லையும் தூக்கி எறியாதீர்கள், சாட்சி அதுதான். மருந்தின் பக்க விளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். போலி மருத்துவர் என்றால் மாவட்ட மருத்துவ, ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், சித்த மருந்து பற்றி என்றால் மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். இழப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனைமேல் அங்கே வழக்குப் போட முடியாது. ஆனால் இ.எஸ்.ஐ. அப்படியல்ல. சம்பளத்தில் பிடித்தம் போவதால் இ.எஸ்.ஐ. தொழிலாளியும் நுகர்வோரே என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பனியன் கம்பெனியிலும் நூல் மில்லிலும் வேலை செய்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரை அட்டையோடு அந்தச் சூரண டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் எடுத்து மேசைமேல் வையுங்கள்.